பாட்டு நிலைபெறும் வகை

ஓவியன் தீட்டிய படம் சுவரில் நிற்கும். சிற்பி செதுக்கிய உருவம் கல்லில் நிற்கும். பாடகன் எழுப்பிய இசையோ அவன் வாய் மூடிய அளவிலே காற்றிற் கலந்து இல்லாதொழியும். கேட்டவர் நெஞ்சில் அதன் சாயல் சிறிது பொழுது தங்குமேயன்றி, அதனை மீண்டும் எடுத்துப் பார்த்தற்கு இடமில்லை. இக்குறையை வெல்லும் பொருட்டு மக்கள் மூன்று வழிகளைக் கண்டனர். ஒன்று, ஆசிரியன் வாயினின்று மாணவன் செவிக்கு இசையை ஒப்படைத்தல். மற்றொன்று, இசையைக் குறிகளால் ஏட்டில் எழுதி வைத்தல். பிறிதொன்று, ஒலியையே பொறியின் துணைகொண்டு பிடித்து வைத்தல். இம்மூன்றும் எவ்வாறு நிகழ்கின்றன, ஒவ்வொன்றும் எதனைக் காக்கிறது, எதனை நழுவ விடுகிறது என்பவற்றை, நம் நாட்டு இசையை முதன்மையாகக் கொண்டு ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

முதற்கண், பாட்டுப் பிறக்கும் வகையை அறிதல் வேண்டும். பாட்டிற்குச் சொல்லென்றும் மெட்டென்றும் இரண்டு உறுப்புகள் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே ஆக்கவல்லாரை வாக்கேயகாரர் என்பர். தியாகராஜர் (1767–1847) முதலிய திருவாரூர் மும்மூர்த்திகளும், நமக்கு அணிமைக் காலத்தவராகிய பாபநாசம் சிவனும் (1890–1973) இவ்வகையினர். இவர்கள் உள்ளத்தில் சொல்லும் இசையும் இரட்டைக் குழந்தைகளைப்போல் உடன்பிறந்தன. திரைப்படப் பாட்டிலோ பெரும்பாலும் இவ்விரண்டும் இருவர் வேலையாகும். இசையமைப்பாளர் முதலில் மெட்டை அமைத்து, அதனைப் பொருளற்ற ‘தன்னன தானன’ என்னும் தத்தகாரத்தாற் பாடிக் காட்டுவார். கவிஞர் அவ்வளவிற்கு இசையச் சொற்களை இட்டு நிரப்புவார். சிலபோது கவிஞர் பாட்டை முன்னரே எழுதிக் கொடுக்க, இசையமைப்பாளர் அதற்கு மெட்டமைப்பதும் உண்டு.

எம்முறையிற் செய்யினும் தமிழ்ப்பாட்டிற்குத் தவிர்க்கவொண்ணாத கட்டளை ஒன்றுண்டு. நம் மொழியில் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்துவன. ‘மலை’ என்னுஞ் சொல்லின் முதலெழுத்து நீண்ட சுரத்தில் விழுமாயின், கேட்போர் செவிக்கு அஃது ‘மாலை’ ஆகிவிடும். ‘கல்’ என்பது ‘கால்’ ஆகிவிடும். ஆகவே மெட்டு நீளுமிடத்து நெடிலும், குறுகுமிடத்துக் குறிலும் நிற்குமாறு சொற்களைத் தேர்தல் இன்றியமையாதது. சந்தம் அறிந்த புலவரை இசைப்புலவர் நாடுவதன் காரணம் இதுவே. மெட்டிற்குப் பாட்டெழுதுதல் எளிய தொழிலென்று நினைப்பார் தாமே ஒருமுறை முயன்று பார்ப்பாராயின் உண்மை விளங்கும்.

இவ்வாறு பிறந்த பாட்டைக் காக்கும் வழிகளுள் எழுத்தை முதலிற் காண்போம். தமிழர் ஏழிசைக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிட்டதோடு, ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் ஏழு நெட்டெழுத்துகளை அவற்றிற்குக் குறிகளாகவும் கொண்டனர். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், 7ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் கல்வெட்டொன்று, கிரந்த எழுத்தில் இசைச் சுரங்களை வரிசை வரிசையாகப் பொறித்து நிற்கிறது. இசையைக் கல்லில் எழுதிவைக்க வேண்டுமென்னும் எண்ணம் இந்நாட்டில் அவ்வளவு பழமையானது. ஆயினும் அக்கல்லைப் பார்த்து அக்காலத்தார் பாடியவாறே பாடவல்லார் இன்று ஒருவரும் இலர். சுரங்களின் பெயர் நின்றது. அவற்றைப் பாடிய முறை நில்லாதொழிந்தது.

தேவாரத்தின் வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. முதலாம் இராசராச சோழன் காலத்தில் (985–1014) நம்பியாண்டார் நம்பி தில்லையில் ஏடுகளைக் கண்டெடுத்தாரென்றும், அவற்றிற் சில செல்லரித்துக் கிடந்தனவென்றும், பண்முறை அறியாது மயங்கியபோது திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியே பண்களை வகுத்துத் தந்தாரென்றும் திருமுறை கண்ட வரலாறு கூறும். இக்கதையின் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. ஏடு சொல்லைக் காத்தது. இசையைக் காத்ததோ ஒரு குடும்பத்தாரின் தொண்டை. இன்றும் தேவார ஏட்டில் பண்ணின் பெயரேயுண்டு; பண்ணைப் பாடிக் காட்டுவார் ஓதுவாரே.

மேனாட்டார் இத்துறையில் வேறு வழி சென்றனர். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்த அரெஸ்ஸோ நகரத்துக் கீதோ என்னும் துறவி, கோடுகளின்மேல் புள்ளிகளை இட்டு, மேலேறிய சுரத்தை மேற்கோட்டிலும் கீழிறங்கிய சுரத்தைக் கீழ்க்கோட்டிலும் காட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதுவே வளர்ந்து இன்றைய ஐங்கோட்டு முறையாயிற்று. முன்பின் கேளாத பாட்டையும் ஏட்டைக் கண்டு பாட இம்முறை உதவுகிறது. நூறு பேர் கூடி நூறு கருவிகளை ஒருங்கே இசைப்பதற்கும் இதுவே அடிப்படை. ஒவ்வொருவரும் தத்தம் தாளைப் பார்த்துத் தம் பங்கை மட்டும் இசைப்பினும் எல்லாம் சேர்ந்து ஓர் உருவாகும்.

நம் நாட்டார் கையாளும் சுரக்குறிப்பு முறை வேறு. ச, ரி, க, ம, ப, த, நி என்னும் எழுத்துகளே இதில் குறிகள். குறில் ஓர் அளவும், நெடில் அதன் இரட்டியும் பெறும். நீட்டிப்பைக் காற்புள்ளியாலும் அரைப்புள்ளியாலும், மேல் கீழ் ஸ்தாயிகளை எழுத்தின் மேலும் கீழும் இட்ட புள்ளியாலும், தாளப் பிரிவுகளைக் குத்துக்கோடுகளாலும் காட்டுவர். ஐங்கோட்டு முறையில் ஒவ்வொரு கோடும் இன்ன உயரமென வரையறுக்கப்பட்டது. நம் முறையிலோ ‘ச’ என்பது பாடுவோர் தம் குரலுக்கேற்பத் தேர்ந்துகொண்ட ஆதார சுருதி. ஜான் கர்வென் என்னும் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய எழுத்து முறையும் இவ்வகையில் நமதை ஒத்ததே.

இனி, எழுத்தின் எல்லையைக் காண்போம். தோடி இராகத்திலும் பைரவி இராகத்திலும் வரும் காந்தாரம் சாதாரண காந்தாரமே. ஏட்டில் இரண்டிடத்தும் ‘க’ என்றே எழுதுவர். பாடுங்காலோ தோடியின் காந்தாரம், கீழுள்ள ரிஷபத்திற்கும் மேலுள்ள மத்திமத்திற்கும் இடையே ஊசலாடி அசைகிறது. பைரவியில் அவ்வசைவு வேறு வகையாகிறது. அசைவை நீக்கி நேர்க்கோடுபோல் அச்சுரத்தைப் பிடிப்பின் அது தோடியும் ஆகாது, பைரவியும் ஆகாது. இவ்வசைவையே கமகம் என்பர். நம் இசையின் உயிர் கமகத்தில் உளது. எழுத்தோ உடலை மட்டும் காட்டுகிறது.

இக்குறையைப் போக்க முயன்ற பெரியார் இருவரை நாம் நினைத்தல் வேண்டும். சென்னையில் வாழ்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார், நம் கீர்த்தனைகளை ஐங்கோட்டு முறையில் எழுதி 1890ஆம் ஆண்டுகளில் அச்சிட்டு வெளியிட்டார். எட்டயபுரத்து அவைப்புலவரும் முத்துசுவாமி தீட்சிதர் மரபினருமாகிய சுப்பராம தீட்சிதர் (1839–1906), தம் குடும்பச் செல்வமாகிய உருப்படிகளை வெளியிடுமாறு தூண்டப்பெற்றதும் அவராலேயே. அத்தூண்டுதலின் பயனாக 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில், தெலுங்கு எழுத்தில், ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. கமகத்தின் வகை ஒவ்வொன்றிற்கும் தனிக்குறி அமைத்துச் சுரத்தின்மேல் இட்டமை இந்நூலின் சிறப்பு. அதன்பின் 1917இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தம் பெருநூலாகிய ‘கருணாமிர்த சாகர’த்தைத் தமிழில் வெளியிட்டார். வீட்டுச் செல்வத்தைப் பூட்டி வைத்தலே பெருமையெனக் கருதிய காலத்தில், அதனை அச்சேற்றி ஊரார்க்கு வழங்கிய இவர்களின் துணிவை எவ்வளவு பாராட்டினும் தகும்.

எழுதாமல் விடுவதால் விளைவது யாதென்பதற்குத் தியாகராஜர் கீர்த்தனைகளே சான்று. அவர் பாட, மாணவர் கேட்டுக் கற்றனர். அம்மாணவர் வழியே உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாப்பேட்டை எனப் பல பாடாந்தரங்கள் கிளைத்தன. ஒரே கீர்த்தனை ஒரு மரபில் ஒருவாறும் மற்றொரு மரபில் பிறிதொருவாறும் பாடப்படுகிறது. வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் வழியினர் எழுதிவைத்த ஏடுகள் மதுரைச் சௌராஷ்டிர சபையில் பேணப்படுகின்றன. ஆராய்ச்சியாளர்க்கு அவை பெருநிதி. எனினும் இவ்வேறுபாட்டைக் குற்றமென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. விதையை ஒத்த நெல் வெவ்வேறு வயலில் வெவ்வேறு வளம் பெறுதல்போல, ஒரு கீர்த்தனை பல தொண்டைகளிற் புகுந்து பல அழகுகளைப் பெற்றதும் உண்மையே.

நிற்க. மூன்றாம் வழியாகிய ஒலிப்பதிவைப் பற்றிக் கூறுவாம். இதன் தொடக்கம் வியப்புடையது. 1857ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து அச்சுத் தொழிலாளராகிய லெயோன் ஸ்காட் என்பார், ஒலியின் அசைவைப் புகைபடிந்த தாளில் கோடாக வரையும் கருவியொன்றிற்கு உரிமை பெற்றார். அவர் விரும்பியது ஒலியை மீண்டும் கேட்பதன்று, கண்ணாற் படிப்பதே. குரல் தன்னைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். 1860இல் அவர் வரைந்த தாளொன்றை 2008இல் அமெரிக்க அறிஞர் கணிப்பொறியால் ஆராய்ந்து ஒலியாக மாற்றினர். 148 ஆண்டுகள் ஊமையாகக் கிடந்த தாள், ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாட்டின் சில அடிகளைப் பாடிற்று. முதலில் அஃது ஒரு பெண்ணின் குரலெனக் கருதப்பட்டது. பின்னர், இரட்டித்த விரைவில் ஒலிக்கச் செய்தமையாற் பிறந்த மயக்கம் அதுவென்றும், உண்மையில் ஓர் ஆடவர் குரலே என்றும் தெளிந்தனர். அக்குரல் ஸ்காட்டினதாகவே இருக்கலாம் என்பது ஆராய்ந்தோர் கருத்து.

பிடித்த ஒலியை மீட்டும் ஒலிக்கச் செய்தவர் எடிசன். 1877இல் அவர் தகரத்தாள் சுற்றிய உருளையில் ஒரு குழந்தைப் பாட்டைச் சொல்லி, அதனைத் திரும்பக் கேட்டார். பத்தாண்டு கழித்து எமில் பெர்லினர் உருளைக்கு மாறாகத் தட்டையான தட்டைக் கொண்டார். உருளையைவிடத் தட்டை அச்சுக் குத்திப் பெருக்குதல் எளிது. மெழுகுத் தட்டில் ஊசி கீறிய பள்ளத்தின்மேல் மின்முறையால் உலோகத்தைப் படியச் செய்து, அவ்வுலோக அச்சைக் கொண்டு ஆயிரக்கணக்கான தட்டுகளை அழுத்தி எடுப்பர். தட்டு செய்தற்குரிய கலவையில் முதன்மையானது அரக்கு. நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளின்மேல் சிறு பூச்சிகள் சுரக்கும் அவ்வரக்கே, உலகத்துப் பாடகர் பலருடைய குரலுக்கு அரைநூற்றாண்டுக்காலம் உறைவிடமாயிற்று.

1902ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவிற்கு வந்து, கௌஹர் ஜான் முதலிய பாடகரின் இசையைப் பதிந்தார். அக்காலத்து மெழுகுத் தட்டுகள் ஜெர்மனி நாட்டு ஹனோவர் நகரிற்குக் கப்பலிற் சென்று, அங்கே தட்டுகளாகி மீண்டன. நம் மொழி அறியாத தொழிலாளர் தட்டின்மேல் பெயரை மாற்றி ஒட்டிவிடாதிருக்கும் பொருட்டு, பாட்டின் முடிவில் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். அக்கூற்று இன்றும் அத்தட்டுகளிற் கேட்கிறது. 1908இல் கல்கத்தாவைச் சேர்ந்த சியால்டாவில் தொழிற்சாலை ஏற்பட்டபின் தட்டுகள் இந்நாட்டிலேயே ஆக்கப்பட்டன.

அக்காலத்துப் பதிவு முறை கடினமானது. மின்சாரத்தின் உதவி அதற்கில்லை. பாடுவோர் பெரியதோர் ஊதுகுழல் வாயில் முகத்தை நெருக்கி உரத்த குரலிற் பாடுவர். குழலின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகடு அதிர, அதனொடு பிணைந்த ஊசி மெழுகைக் கீறும். மெல்லோசைக் கருவிகள் அதில் ஏறா. பிடில் ஓசை போதாமையால், மரக்கூட்டிற்கு மாறாக உலோகக் குழல் பொருத்திய பிடிலொன்றை ஸ்ட்ரோ என்பார் இதற்கெனவே அமைத்தார். பதிந்த மெழுகைப் போட்டுக் கேட்பின் அது கெட்டுவிடும். ஆதலின் பாடினோர் தாம் பாடியதை அங்கேயே கேட்டுத் திருத்தவும் இயலாது. பிழை நேரின் புதிய மெழுகில் முதலிலிருந்து பாடுதலே வழி.

எல்லாவற்றினும் பெரிய கட்டுப்பாடு காலம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நிமிடத்திற்கு 78 சுற்றாக ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும்; அஃதாவது 234 சுற்றுக்குள் பாட்டு முடிதல் வேண்டும். ஓர் இராகத்தை நாழிகைக் கணக்கில் விரித்துப் பாடுதலே வித்துவானுக்கு அழகெனக் கருதிய நாட்டில் இஃது எத்தகைய இடர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இராக ஆலாபனை சில விநாடிகளிற் சுருங்கிற்று. நிரவலும் கற்பனைச் சுரமும் பெரும்பாலும் ஒழிந்தன. பல்லவியும் அனுபல்லவியும் விரைந்தோடின. ஆயினும் இச்சிறைவாசம் ஒரு நன்மையும் செய்தது. இராகத்தின் உருவை இரண்டு மூன்று பிடிகளில் தெளிவாகக் காட்டும் திறனை அது பாடகர்க்குக் கற்பித்தது. கடுகைத் துளைத்துக் கடலைப் புகட்டும் வித்தை அது.

அன்றியும், இசைத்தட்டு அரங்கின் சுவர்களைத் தகர்த்தது. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி முதலிய பெண் கலைஞர்களின் குரல்கள், அவர்கள் கால்படாத ஊர்களிலெல்லாம் ஒலித்தன. கடல் கடந்தும் சென்றன. மொரீஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சு இசைப்புலவர் 1912இல் இந்தியாவிற் பயணஞ் செய்தார். தாயியின் இசையில் ஈடுபட்டு, அவருடைய தட்டொன்றில் உள்ளதைப் பியானோவிற்கு எழுதி, ‘இராகமாலிகா’ எனப் பெயரிட்டார். பியானோவின் தந்தியொன்றை மங்கி ஒலிக்குமாறு அடக்கிவைக்க வேண்டுமென்றும் அதிற் குறித்தார். தமிழ்நாட்டுப் பெண்ணின் பாட்டுத் தட்டில் ஏறி, தட்டினின்று மேனாட்டு எழுத்தில் இறங்கிற்று. எழுத்தும் பதிவும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

1925ஆம் ஆண்டளவில் மைக்ரோபோன் வந்தது. காற்றின் அசைவை அது மின்னோட்டமாக்க, அவ்வோட்டத்தைப் பெருக்கி, அதன் வலியால் ஊசி மெழுகைக் கீறிற்று. ஊதுகுழல் பிடிக்காத மெல்லோசையை இது பிடித்தது. மிக நுண்ணிய நாதத்திற்குப் பேர்பெற்ற வீணை தனம்மாள், அறுபது வயது கடந்தபின் 1932இல் கொலம்பியாத் தட்டுகளில் வாசித்தார். மைக்ரோபோன் இல்லையேல் அவ்விரல்களின் மென்மையை நாம் கேட்டறிதற்கு வழியில்லை. நாடக மேடையில் உச்சக்குரலால் ஊரை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், தம் 27ஆம் வயதில் மறைந்தார். அவரை நேரிற் கேட்டார் இன்று இலர், அக்குரலோ உளது. ஒலிப்பதிவு மனிதனுக்குச் செய்த பேருதவி இதுவன்றோ?

1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழில் பேசும்படம் தொடங்கியது. முதலில் நடிகரே நடித்துக்கொண்டு பாட வேண்டியிருந்தது. பாட்டும் படமும் ஒருங்கே பதியப்பட்டன. 1935இல் கல்கத்தாவில் பின்னணிப் பாடல் முறை வழக்கிற்கு வந்தபின், முகம் ஒருவரதாகவும் குரல் மற்றொருவரதாகவும் பிரிந்தன. பாட்டு முன்னரே பதியப்பட, நடிகர் அதற்கு வாயசைத்தனர்.

அடுத்த பெருமாற்றம் காந்த நாடா. 1935இல் ஜெர்மனி நாட்டிற் காட்டப்பெற்ற இக்கருவி, இரும்புத்துகள் பூசிய நாடாவில் ஒலியைக் காந்த வடிவிற் பதிந்தது. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் மூன்று நிமிடப் பாட்டு 225 அடி நீளமாகும். அதனைக் கேட்கலாம், அழிக்கலாம், கத்தியால் வெட்டி ஒட்டலாம். ஒரு பாடலின் முற்பகுதியை ஒருமுறை பாடியதினின்றும், பிற்பகுதியை வேறொருமுறை பாடியதினின்றும் எடுத்து இணைக்கலாம். பின்னர் ஒரே நாடாவில் பல தடங்கள் அமைக்கப்பட்டன. 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் இலண்டன் மாநகரில் வெளியிட்ட பெயர்பெற்ற இசைத்தொகுதி, நான்கு தடங்களே உள்ள கருவிகளைக் கொண்டு ஆக்கப்பட்டது. நான்கும் நிரம்பியபின் அவற்றை வேறொரு நாடாவின் தடத்திற் சுருக்கி, எஞ்சிய தடங்களில் மேலும் இசையைச் சேர்த்தனர். 1948இல் வந்த நெடுநேரத் தட்டு, பக்கத்திற்கு 20 நிமிடத்திற்கு மேலாக ஒலித்து, நம் வித்துவான்களை மூன்று நிமிடச் சிறையினின்று விடுவித்தது.

சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலம் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் கூடி ஒருங்கே இசைத்தனர். பாட்டின் கடைசி அடியில் ஒருவர் தவறினும் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக அறிமுகமான இளையராஜா, ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியை ஐங்கோட்டு முறையில் தாமே எழுதி, வாத்தியக்காரர் கையிற் கொடுக்கும் வழக்கமுடையவர். எழுத்தின் ஆற்றல் அங்கே விளங்கிற்று. 1992இல் ‘ரோஜா’ வழியாக வந்த ஏ. ஆர். ரகுமான், பாடகரையும் வாத்தியக்காரரையும் தனித்தனியே அழைத்துப் பதிந்து, அப்பகுதிகளைக் கணிப்பொறியிற் கோத்துப் பாட்டை உருவாக்கும் முறையைப் பரவச் செய்தார். பதிவின் ஆற்றல் இங்கே விளங்கிற்று.

இக்காலத்துப் பதிவு எண்களால் ஆவது. 1982இல் வெளிவந்த குறுந்தட்டில் ஒலியின் அளவு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்ணாக எழுதப்படுகிறது. ஆழ்ந்து நோக்கின் இதுவும் ஓர் எழுத்தே. ஸ்காட் கண்ட கனவு வேறு வடிவில் நிறைவேறிற்று எனலாம். எண்களைத் திருத்தல் எளிதாதலின் ஒலியைத் திருத்தலும் எளிதாயிற்று. சுருதி பிசகிய குரலை நேராக்கும் கணிநிரல் 1997 முதல் உண்டு. அதனால் ஒரு கேடும் சூழ்ந்தது. நேர் சுருதியையே சரியெனக் கொள்ளும் அக்கருவி, கவனமின்றிக் கையாளப்படின், தோடியின் காந்தார அசைவையும் பிழையெனக் கருதி அடக்கிவிடும். பிழையையும் கமகத்தையும் பிரித்தறியும் செவி பொறிக்கு இல்லை. அது மனிதனுக்கே உண்டு.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலப்படும். எழுத்து, இனிச் செய்ய வேண்டுவது யாதென்று கூறுகிறது. பதிவு, ஒருநாள் செய்யப்பட்டது யாதென்று காட்டுகிறது. ஆசிரியரோ, செய்யத்தக்கது யாதென்றும், அது ஏன் என்றும் கற்பிக்கிறார். தட்டைக் கேட்டு ஒருவர் ஒரு கீர்த்தனையை அப்படியே பாடலாம். ஆனால் அவ்வித்துவான் அன்று அவ்விடத்தில் அப்பிடியைப் பிடித்ததன் காரணத்தைத் தட்டுக் கூறாது. மறுநாள் அவர் அதனை மாற்றிப் பாடியிருப்பார் என்பதையும் கூறாது. ஒருநாள் பாட்டையே என்றைக்கும் உரிய இலக்கணமாக்கிக் கொள்வோமாயின், உயிருள்ள மரபைப் பாடம் செய்யப்பட்ட பறவையாக்கியவராவோம். அவ்வாறே, ஆசிரியரிடம் கற்றதே போதும், எழுத்தும் பதிவும் வேண்டாவென்று வாளாவிருப்போமாயின், குடுமியான்மலைக் கல்லைப்போல் பொருளறிய மாட்டாத எச்சத்தையே பின்னோர்க்கு விடுவோம்.

பதிந்துவிட்டதனாலேயே நிலைபெற்றுவிட்டது என்று எண்ணுதலும் தவறு. அரக்குத் தட்டு கைதவறினால் உடையும்; நாடாவின் பூச்சு ஈரங் கொண்டு உதிரும்; எண்வடிவப் பதிவு, அதனை வைத்த கருவி பழுதுபட்ட அன்றே மாயும். ‘காளிதாஸ்’ படச்சுருளே இன்று நமக்குக் கிடைத்திலது. நம் நாட்டுச் சட்டப்படி, வெளியிட்டு 60 ஆண்டு கடந்த ஒலிப்பதிவைப் படியெடுத்துக் காத்தற்குப் பதிவுரிமை பற்றிய தடையில்லை. இருந்தும் பரண்களிலும் பழைய பெட்டிகளிலும் எத்தனையோ தட்டுகள் நாள்தோறும் அழிந்து வருகின்றன.

ஆகவே நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். முற்காலத்தில் கப்பலேறி வந்த ஒருவர் பெருங்கருவிகளைக் கொண்டு செய்த வேலையை, இன்று மாணவர் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் உள்ள தொலைபேசியாற் செய்யலாம். விடுமுறையில் ஊர் செல்லுங்கால், பாட்டியார் பாடும் தாலாட்டையும், வயலில் நடவு செய்வோர் பாட்டையும், கோயில் ஓதுவார் பண்ணையும், தேவாலயத்து முதியோர் பழைய மெட்டிற் பாடும் கீர்த்தனையையும் அவர்தம் இசைவு பெற்றுப் பதிந்து கொள்ளுங்கள். பதியுமுன் பாடுவோர் பெயரும், ஊரும், நாளும், பாட்டை அவர் யாரிடம் கற்றாரென்பதும் அவர் வாயாலேயே சொல்லுமாறு கேளுங்கள். பழைய தட்டுகள் பலவற்றில் முதன்மைப் பாடகர் பெயரன்றிப் பிடிலும் மிருதங்கமும் வாசித்தோர் பெயர் இல்லை. அவர்தம் இசை நமக்குக் கிட்டியும் அவர் யாரென்று அறியக் கூடவில்லை. கௌஹர் ஜான் தம் பெயரைக் கூறியது ஜெர்மனித் தொழிலாளரின் வசதிக்காகவே. எனினும் நூறாண்டு கடந்தும் அப்பெயர் குரலைவிட்டுப் பிரியாது நிற்கிறது. பதிந்த பின் ஒரு படி உங்களிடத்தும், ஒரு படி நூலகத்தும் இருத்தல் நலம். பாட்டின் சொற்களை ஏட்டிலும் எழுதி வையுங்கள். இவையெல்லாம் செய்தபின், அவரருகில் அமர்ந்து அப்பாட்டில் ஒன்றையேனும் வாயாற் கற்றுக்கொள்ளுங்கள். ஏடும் பொறியும் காவாததை உங்கள் தொண்டை காக்கும்.